மணியாச்சியில் ஒரு பிரவுனிங்

கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல்காட்டில் தனியாகத் தோட்ட வீடு கட்டிக் குடியிருக்கிற ஒருவர், 'பாதுகாப்புக்குச் சின்னதா ஒரு ரிவால்வர் வாங்குவோம், அப்படியே கிளப்பில் சுட்டும் பழகுவோம்' என்று ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். நேராகக் கடைக்குப் போய்விட முடியாது. போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று அலைய வேண்டும். 'உமக்கு எதுக்குய்யா துப்பாக்கி?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சீமையில் அந்தக் கேள்விக்கு 200 வயசுக்கு மேல் ஆகிறது.

அதற்கு முன்னால் லைசென்ஸாவது, மண்ணாங்கட்டியாவது! பாளையக்காரர்கள் ஆயுதமும் ஆளும் வைத்திருந்தார்கள். ஊர்க் காவலுக்குக் காவல்காரர், அவருக்கு ஊரார் கொடுக்கும் கூலி என்று ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. 1799 அக்டோபர் 16-ல் பக்கத்துக் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ஊமைத்துரையின் போரும் அடங்கியது. அந்த டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். கழுகுமலைக் கோயிலைக் கையில் வைத்திருந்த எட்டயபுரம், கும்பினி பக்கம் நின்று நிலம் பரிசு வாங்கிய பாளையம். ஆயுத விஷயத்தில் நண்பன், விரோதி என்ற பேதமெல்லாம் கும்பினி பார்க்கவில்லை.

பிறகு 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். துரை இடுப்பில் தொங்கினால் பாதுகாப்பு, நம்ம ஆள் வைத்திருந்தால் ராஜதுரோகமோ என்ற சந்தேகம்.

இப்படிப் பூட்டிவைத்த மாவட்டத்தில்தான், 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி ஜங்ஷனில் கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர், இருபத்தைந்து வயசு இருக்கும். அதே துப்பாக்கியால் பிளாட்பாரத்துக் கழிப்பறையில் தன்னையும் முடித்துக்கொண்டார்.

அது ரிவால்வர் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். இல்லை. பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். ரிவால்வரில் தோட்டா உருளை புடைத்துக்கொண்டு நிற்கும். பிரவுனிங்கோ தட்டையானது, கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது. ரகசியக் குழுக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1909-ல் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றதும் பிரவுனிங்தான். லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய இருபதில் ஒன்று. 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சாய்த்ததும் அதே பெல்ஜியக் கம்பெனிச் சரக்கு.

சரி, சுடப் பழகியது எங்கே? புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் என்று சொல்வார்கள். அங்கே பிரெஞ்சு ஆட்சி, லிட்டன் சட்டம் செல்லாது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு தோட்டா வெடித்தாலே ஊர் கூடிவிடுமே!

சுதந்திரம் வந்து 1959-ல் புதுச் சட்டம் போட்டார்கள். அதிலும் லைசென்ஸ் போகவில்லை. ராணுவமும் போலீஸும் பயன்படுத்துகிற 9 எம்.எம்., .380, .455 தோட்டாக்கள் பாயும் கைத்துப்பாக்கிகள் சாமான்யருக்குத் தடை. ஆகவே நம் தோட்ட வீட்டுக்காரர் பெரும்பாலும் .32 பக்கம்தான் ஒதுங்க வேண்டும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், பழைய வெப்லியின் வாரிசு. ஆறு தோட்டா. 2014-ல் அங்கேயே 'நிர்பீக்' என்று டைட்டானியம் கலந்து அரைக் கிலோ எடையில் ஒன்று செய்து, பெண்களின் கைப்பைக்கு என்று விளம்பரம் செய்தார்கள். விலை சுமார் ஒண்ணேகால் லட்சம்! காமர்ஸ் படித்த புத்திக்கு, யாருடைய கைப்பை என்று கேட்கத் தோன்றுகிறது. தவிர, எடை குறைந்தால் சுடும்போது உதைப்பு கூடும். குழல் குட்டையானால் குறி வைப்பது கஷ்டம். பழகுவதற்குக் கனமானதே தேவலை.

அத்தனையும் கடந்து வாங்கிவிட்டாலும் ஒன்று உண்டு. எலெக்ஷன் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு, ரசீதைக் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.