வண்டலூர் பூங்கா: டிக்கெட் முதல் தத்தெடுப்பு வரை... விலங்குகளுக்கு நாம எப்படி உதவலாம்?

கோட்டூர்புரம், அடையாறு பக்கம் இருக்கிறவங்களுக்கு விலங்குகள்னா முதலில் ஞாபகம் வருவது கிண்டி சிறுவர் பூங்காதான். ஆனா சிங்கம் திறந்தவெளியில் உலாவுவதை வண்டியில் உட்கார்ந்து பார்க்கணும்னா, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சஃபாரிக்குத்தான் போகணும். சுமார் 602 ஹெக்டேரில் இருக்கும் இந்தப் பூங்கா, கொரோனா காலத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

2021-ல் என்ன நடந்தது?

2021 மே கடைசியில் சஃபாரி பகுதி சிங்கங்கள் சில சரியா சாப்பிடாம, இருமத் தொடங்கின. ஜூன் 3-ம் தேதி 9 வயது பெண் சிங்கம் நீலா இறந்தது. பரிசோதனையில் மற்ற சிங்கங்களுக்கும் கொரோனா உறுதியானது. ஜூன் 16-ம் தேதி 12 வயது ஆண் சிங்கம் பத்பநாதனும் போய்விட்டது. மாதிரிகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது, மனிதர்களைப் பாடாய்ப்படுத்திய அதே டெல்டா வகை வைரஸ்!

பூட்டினா என்ன சிக்கல்?

2020 மார்ச்சிலும் 2021 ஏப்ரலிலும் பூங்கா பூட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. கடை பூட்டினா கரண்ட் பில்லாவது குறையும். இங்கே அப்படி இல்லை. இறைச்சி, பழம், தீவனம், மருந்து, பராமரிப்பாளர் சம்பளம் எதையும் நிறுத்த முடியாது. ஆனா டிக்கெட் வருமானம் மட்டும் நின்றுவிடும்.

ஜெர்மனியின் நியூமுன்ஸ்டர் பூங்கா, 2020 ஏப்ரலில் நிலைமை கைமீறினால் சில விலங்குகளைக் கொன்று மற்றவற்றுக்கு இரையாக்க வேண்டியிருக்கும் என்று பட்டியலே தயாரித்தது. நம்ம ஈசிஆரில், வடநெம்மேலி முதலைப் பண்ணையும் அதே காலத்தில் திணறியது. 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய அந்த இடம், அறக்கட்டளை நடத்துவது. அதனால அங்கே டிக்கெட் காசு இன்னும் முக்கியம்.

தத்தெடுப்புன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா?

முடியாது! பேருதான் தத்தெடுப்பு. ஒரு விலங்கின் உணவு, பராமரிப்புச் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு நீங்க ஏத்துக்கிறீங்க, அவ்வளவுதான். 2018-ல் நடிகர் சிவகார்த்திகேயன் வெள்ளைப்புலி அனுவையும், விஜய் சேதுபதி இரண்டு புலிகளையும் இப்படித்தான் தத்தெடுத்தாங்க.

நடிகர்கள் லட்சக்கணக்கில் கொடுத்தாங்களே, நமக்கு எப்படின்னு மலைக்க வேண்டாம். யானைக்கு ஆகும் செலவு கிளிக்கு ஆகாது. அபார்ட்மென்ட்ல நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பறவையையோ மானையோ எடுத்துக்கலாம். யாரும் கண்டுக்காத ஆமை, பாம்புக்கும் பசி உண்டு என்பதையும் யோசிங்க. நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை இருக்கு. ஆனா புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு அது கிடைக்காது.

போறது எப்படி?

கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினா நேரா போக முடியாது. சைதாப்பேட்டை அல்லது கிண்டி போய், செங்கல்பட்டு மார்க்கத்தில் போகும் மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கணும். தாம்பரத்தோடு நிற்கிற வண்டியில் ஏறிடாதீங்க. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு லீவு. கட்டணமும் சஃபாரி நேரமும் மாறும் என்பதால் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்க.

உள்ளே போனதும் பிஸ்கட், சிப்ஸ் எதையும் விலங்குகளுக்குப் போடாதீங்க. கத்திக் கூப்பிடறது, கல் எறியறது கூடவே கூடாது. சளி, காய்ச்சல் இருந்தா அன்றைக்குப் போகவே வேண்டாம். 2020-ல் நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவின் புலிக்குக் கொரோனா வந்தது, அதைப் பராமரித்தவர் மூலமாகத்தான் என்று அந்தப் பூங்காவே சொன்னது. வாரக் கடைசியில் கூட்டம் அள்ளும். முடிஞ்சா புதன், வியாழன்ல காலையிலேயே போயிடுங்க. வெயில் ஏறிட்டா சிங்கமும் நிழல் தேடிப் படுத்துடும்.