கடையடைப்பும் கூடியமர்தலும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கள்ளுக்கடையை விலக்கி எழுதவியலாது. ரப்பர்த் தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் இருந்தாற்போல அதுவும் இருந்தது. அரசு உரிமம் வழங்கிற்று. இலாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலத்துக்கென ஒதுக்கிய தோட்டங்களும் உண்டு. குடித்தவன் காசிலேயே குடித்தவனுக்கு நலம்!

இதனை எதிர்த்து நம்மவர் வாளாவிருந்தாரல்லர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதனும் தோழர்களும் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவில், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கடை மறியலில் இறங்கியது. காவலருடன் கைகலப்பு நேர்ந்தது, உயிரும் பறிபோனது. தாயகத்தில் இராஜாஜி 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது.

இம்முயற்சிகளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அவை யாவும் கடையை நோக்கியவை. கடை மூடிய மறுநாள் கை நடுங்கி நிற்பவனிடம் சென்று பேசுவது யார்? இவ்வினாவுக்கு அவற்றில் விடையில்லை. கள் கிடைக்காதவிடத்துச் சம்சு கிடைத்தது.

விடையை முதலில் கண்டோர் குடிகாரர்களே. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மதுக்கடையொன்றில் கூடிக் குடித்துவந்த அறுவர், 1840 ஏப்ரலில், இனிக் குடிப்பதில்லையென உறுதி பூண்டு வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கம் கண்டனர். ஒவ்வொருவரும் எழுந்து தம் கதையைத் தாமே சொல்வது அவர்தம் முறை. சில ஆண்டுகளில் அது பெருவெள்ளமாய்ப் பெருகியது. அரசியலும் மதுவிலக்குச் சண்டையும் உட்புக, பெருகிய வேகத்திலேயே வற்றியது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1935 மே மாதத்தில், பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குத் தரகர் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் தங்கியிருந்தார். வணிகம் தோற்றது. விடுதிக் கூடத்தின் ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்த அவர் தொலைபேசியை நாடி, வேறொரு குடிநோயாளரைச் சந்திக்க வழி தேடினார். அவ்வாறு அறிமுகமானவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரமே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர் ஆறு மணிக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பின் பிறந்த நாளாயிற்று.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. வில்சன் அன்று தேடியது அறிவுரை கூறுவாரையன்று. தம்மைப்போல் விழுந்த ஒருவரை. பிறருக்கு உதவப் புகுந்ததால் தாம் பிழைத்தார். மருத்துவரும், சமயத் தொண்டரும், என் போன்ற பள்ளியாசிரியரும் சொல்லிப் பயன்படாத சொல், குடித்தவன் வாயிலிருந்து வருங்கால் பயன்படுகிறது.

வாஷிங்டன் சங்கத்தின் வீழ்ச்சியை இவ்வமைப்பினர் எச்சரிக்கையாகக் கொண்டனர். அரசியல் வேண்டாம், பொதுச் சர்ச்சை வேண்டாம், வெளியார் நன்கொடை வேண்டாம், குடியை விடவேண்டுமென்னும் விருப்பம் ஒன்றே உறுப்பினராதற்குத் தகுதி. முழுப் பெயரும் வெளியில் சொல்லப்படாது. 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை ஒப்பிட்டு, தொடர்ந்து குடியாதிருப்பதில் இம்முறை ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சிலவற்றினும் மேலானது என முடிவு கண்டது.

ஆனால் பெயர் மறைப்பு தோட்டத்தில் எங்ஙனம் நடக்கும்? லயத்து வீடுகளில் ஒருவன் இருமினால் அடுத்த வீட்டார்க்குத் தெரியும்! ஜொகூரில் குளுவாங், சிகாமட் பகுதித் தோட்டங்களில் வாழ்வோர் இதனை நன்கறிவர். ஜப்பானியர் இதற்கு வேறு வழி கண்டனர். 1958இல் கோச்சியில் தோன்றிய 'தன்ஷுகாய்' கூட்டங்களில் பெயர் மறைக்கப்படுவதில்லை. மனைவி மக்களும் உடனமர்ந்து பேசுகின்றனர். சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனமும் குடும்பத்தாரைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. நம் தோட்டங்களுக்கு இவ்வழியே பொருந்துமென்பது என் எண்ணம். குடி ஒருவனோடு நிற்பதன்று. திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர் எவரும் அதனை அறிவர்.

கூட்டத்துக்குச் செல்ல விரும்புவோர்க்குச் சில சொல்லலாம். திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என இருவகையுண்டு. முன்னதற்கு எவரும் செல்லலாம். பின்னது குடியை விட விழைவோர்க்கு மட்டுமே. பேச வேண்டுமென்னும் கட்டாயமில்லை. கட்டணமில்லை, இயன்றதை உண்டியலில் இடலாம். முதற்கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிடின் வேறொன்றுக்குச் செல்லலாம். ஒவ்வொரு குழுவின் இயல்பும் வேறு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் முதலில் அரசு மருத்துவமனையில் மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படி நிறுத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் நகருக்குச் செல்லப் பேருந்து கிட்டாத தோட்டங்களில், பள்ளியின் ஓர் அறையை மாலையில் திறந்துவிடல் அரிதன்று. நாற்காலி பத்துப் போதும்.