அம்பு முனை: பெருவிலங்கு வேட்டையில்

அம்புத் தண்டின் நுனியில் பொருத்தப்படும் கூரிய உறுப்பு அம்பு முனை. அதன் வெட்டும் பகுதி அலகு எனப்படும். கல், எலும்பு, வெண்கலம், இரும்பு, எஃகு ஆகியவற்றால் காலந்தோறும் செய்யப்பட்டு வந்துள்ளது. மான், பன்றி, காட்டெருமை, கரடி போன்ற பெருவிலங்குகளை வில்லால் வேட்டையாடும்போது எந்த முனையைத் தேர்வது என்பது பழைய கேள்வி.

செயல்படும் விதம்

துப்பாக்கிக் குண்டின் வேகம் அம்புக்கு இல்லை. நுரையீரல், இதயம், பெருநாளங்கள் ஆகியவற்றை அறுத்துக் குருதியிழப்பால்தான் அம்பு கொல்கிறது. அலகு அகன்றிருந்தால் வெட்டு பெரிதாகும். ஆனால் தோலும் தசையும் தரும் தடையும் கூடும், அம்பு ஆழம் போகாது. ஒடுங்கிய முனை ஆழம் போகும், காயம் சிறியது. இந்த அகல–ஆழ இழுபறிக்கு ஒவ்வொரு காலத்தவரும் கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு ஒரு தீர்வு கண்டனர்.

கல்லும் எலும்பும்

தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் கிடைத்த, சுமார் 64,000 ஆண்டுப் பழமையான சிறு கல்முனைகள் அம்பு முனைகளாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். இலங்கையின் பாகியன் குகையில் 48,000 ஆண்டுப் பழமையான எலும்பு முனைகள் கிடைத்துள்ளன. ஆனால் அங்கு வேட்டையாடப்பட்டவை பெரும்பாலும் குரங்கும் அணிலும். அவற்றுக்கு ஒல்லியான எலும்பு முனை போதும்.

பெருவிலங்குக்கு அது போதாது. டென்மார்க்கின் பிரெய்லெருப்பில் 1983இல் ஒரு காட்டுக் காளையின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. வயது எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அதனுடன் சுமார் 15 நுண்கல் அம்பு முனைகள் கிடந்தன. அத்தனை அம்பு பட்டும் வேட்டைக்காரரிடமிருந்து தப்பிய காளை, அன்று ஏரியாக இருந்த இடத்தில் விழுந்து இறந்திருக்கிறது.

நஞ்சு

கலகாரிப் பகுதியின் சான் மக்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தனர். டயாம்பிடியா என்னும் வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை அம்பில் பூசினர். தங்கள் கையில் தவறுதலாகக் குத்திவிடக் கூடாது என்பதால் கூர்நுனியில் பூசாமல், அதற்குச் சற்றுக் கீழே பூசுவது வழக்கம். அம்பு பட்டதும் நாணல் தண்டு கழன்று விழும். முனை உடலிலேயே தங்கும். நஞ்சு மெதுவாக வேலை செய்வதால் விலங்கின் தடம்பற்றி நெடுந்தூரம் செல்ல வேண்டும். முன்பு எலும்பால் செய்த முனைகளைப் பிற்காலத்தில் வேலிக் கம்பியைத் தட்டிச் செய்துகொண்டனர். நஞ்சே கொல்வதால் அகன்ற அலகு தேவைப்படவில்லை.

உலோகம்

இரும்பு வந்தபின் அகன்ற அலகையும் உடையாமல் செய்ய முடிந்தது. ஆழத்தின் பெருமையைப் பாடும் தமிழ்ச் சான்று புறநானூற்றின் 152ஆம் பாடலில் உள்ளது: வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடுகிறார்.

இலங்கையின் பழங்குடியினரான வேடர்கள் முனையைத் தேர்ந்த முறையை, கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியான நூலில் எழுதியுள்ளார். இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து, கண்ணில் படும் இடத்தில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய முனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி வைத்துவிட்டுப் போவார்கள். அதே அளவில் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிட்டால் இரவில் அம்பு வரும். பேச்சே இல்லாத இந்த வணிகத்தில் அலகின் நீள அகலத்தை இலையே சொல்லிவிட்டது.

இடைக்கால ஐரோப்பாவில் பயன் பிரிந்தது. கவசத்தைத் துளைக்க ஒடுங்கிய ஊசிமுனை. வேட்டைக்கு இருபுறமும் விரிந்த அகன்ற முனை. துப்பாக்கி பரவியபின் இரண்டுமே பின்தங்கின.

மறுபிறப்பு

1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் யாகி என்னும் அமெரிக்கப் பழங்குடி இனத்தவர் ஒருவர் தனியாக வந்து சேர்ந்தார். தம் இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். இஷி என அழைக்கப்பட்டார். 1916இல் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்து, எரிமலைக் கண்ணாடியிலும் புட்டிக் கண்ணாடியிலும் முனைகள் செதுக்கிக் காட்டினார். அவரிடம் வில்வித்தை கற்ற அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், கல்முனையையும் எஃகு முனையையும் எய்து ஒப்பிட்டார். எரிமலைக் கண்ணாடி எஃகைவிட ஆழமாகப் போனதைக் கண்டார். ஆனால் அது எலும்பில் பட்டால் நொறுங்கும். வேட்டைக்குப் போப் எஃகையே எடுத்துச் சென்றார். அவரது நூல் 1923இல் வெளிவந்து, அமெரிக்காவில் வில்வேட்டைக்குப் புத்துயிர் தந்தது.

1956இல் அமெரிக்க வில் தயாரிப்பாளர் பிரெட் பேர் வெளியிட்ட ‘ரேசர்ஹெட்’ முனையில், இரண்டு முதன்மை அலகுகளுக்குக் குறுக்கே சவரத்தகடு போன்ற மெல்லிய தகடு செருகப்பட்டது. எலும்பைத் தாங்க ஒன்று, அறுக்க மற்றொன்று. ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி வில் அம்பின் வேகத்தைக் கூட்டியது. அந்த வேகத்தில் அகன்ற அலகு காற்றைப் பிடித்து அம்பைத் திசைமாற்றியது. எனவே குட்டையான, அலகு மாற்றத்தக்க முனைகளும், பறக்கும்போது மடங்கியிருந்து பட்டதும் விரியும் முனைகளும் வந்தன.

இன்றைய தெரிவு

கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 100, 125 கிரெயின் (6.5, 8.1 கிராம்) முனைகள். விரியும் முனை பெரிய காயம் தரும். ஆனால் விரிவதற்கே ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிவிடும். ஆகவே மெல்லுடல் மானுக்கு அது ஏற்றது. காட்டெருமை போன்ற கனத்த விலங்குக்கு நிலையான இரட்டை அலகே விரும்பப்படுகிறது. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் சோதனைகள் நடத்திய எட் ஆஷ்பி, ஒருபுறம் மட்டும் சாணை பிடித்த இரட்டை அலகையும், கனத்த எலும்பைப் பிளக்க மொத்தம் 650 கிரெயின் (42 கிராம்) எடையுள்ள அம்பையும் பரிந்துரைத்தார். எந்த முனையானாலும் மழுங்கியிருந்தால் நாளம் அறுபடாமல் விலகும்; காயத்துடன் விலங்கு தப்பும்.

சட்டம்

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அலகின் குறைந்தபட்ச அகலம் 7/8 அங்குலம் (22 மி.மீ.). பின்னோக்கிய கொக்கியுள்ள முனைகளுக்குப் பல இடங்களில் தடை உண்டு. மானை அம்பால் வேட்டையாடுவதை இங்கிலாந்து 1963இல் தடைசெய்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. இலங்கையில் 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, இலை வெட்டி முனை கேட்ட வேடர்களின் வழித்தோன்றல்கள் தம் வேட்டைக்காட்டை இழந்தனர்.