கோபுரமும் கேஸும்: பழைய கார் ஏ.சி.யின் கதை

1987-ஆம் வருடத்தை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்ற ராயகோபுரம் 13 நிலைகளுடன் 236 அடிக்கு எழும்பி, அந்த வருடம் மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம் கண்டது. அதே வருடம் செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் செய்தி ஊருக்கே தெரியும். இரண்டாவது செய்தி காவிரிப் பாலத்தைக் கடந்த ஒவ்வொரு ஏ.சி. காரின் தலையெழுத்தையும் மாற்றப் போகிறது என்று அன்றைக்கு இங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கார் ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான்! கம்ப்ரசர் ஒரு வாயுவை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது சூட்டை இழந்து திரவமாகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக் கொள்கிறது. இந்த வாயுவைத்தான் மெக்கானிக்குகள் "கேஸ்" என்கிறார்கள். கதையின் நாயகனும் வில்லனும் அதுதான்.

ஆரம்ப காலக் குளிர்சாதனங்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற விஷ வாயுக்கள் ஓடின. அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1928-ல் இதற்கு மாற்றுக் கண்டுபிடித்தார்கள். 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீப்பற்றவும் செய்யாது என்று ஒரே ஊதலில் நிரூபணம்! அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்-12 தான் பின்னாளில் உலகம் முழுக்கக் கார் ஏ.சி.களில் ஓடியது. 1940 மாடல் பேக்கார்டு கார் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தப்பட்டு வந்தது.

நம் ஊருக்கு அது மெதுவாகத்தான் வந்தது. அம்பாசடர், பத்மினி கார்களில் ஏ.சி. என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் தனியாகத் தொங்கும் ஒரு பெட்டி. மாருதி 800-இன் ஏ.சி. மாடல் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்கள் அதை நினைத்துப் பார்த்தன. அந்த கேஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தியாவில் இதைத் தயாரித்த சில கம்பெனிகளில் ஒன்று கெம்பிளாஸ்ட் சன்மார். அதன் ஆலை மேட்டூரில்! ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் அதே காவிரியின் கரையில்.

இனி பராமரிப்புக்கு வருவோம். கேஸ் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஒரு விளக்கைக் குழாய் ஓரமாகக் கொண்டு போவார்கள். சுடர் பச்சையாக மாறினால் அங்கே ஓட்டை. ரிப்பேருக்கு முன் மிச்சமிருக்கும் கேஸை அப்படியே காற்றில் திறந்து விடுவார்கள். குழாய்க்குள் அழுக்கு இருந்தால் ஆர்-11 ஊற்றி அலசுவார்கள். அதுவும் காற்றில்தான் போகும். யாரும் தவறென்று நினைக்கவில்லை. பாதுகாப்பான கேஸ் ஆயிற்றே!

1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த வாயுக்கள் மேலே போய் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது வெளியானது. இரண்டே வருடத்தில் மாண்ட்ரீல் ஒப்பந்தம்.

இந்தியா உடனே கையெழுத்துப் போடவில்லை. "கெடுத்தது பணக்கார நாடுகள், செலவு மட்டும் நமக்கா?" என்பதுதான் வாதம். நியாயமான வாதம். 1990-ல் லண்டன் மாநாட்டில் வளரும் நாடுகளுக்கென்று தனி நிதி ஏற்பாடானது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. தயாரிப்பைப் படிப்படியாக நிறுத்த 1999-ல் 8.2 கோடி டாலர் ஒப்புக் கொள்ளப்பட்டது. 2003 முதல் புதிய கருவிகளில் இந்த வாயுக்களுக்குத் தடை. ஆஸ்துமா இன்ஹேலர் தவிர மற்றவற்றுக்கான தயாரிப்பு 2008 ஆகஸ்ட் 1-ல் நின்றது. 2010 கெடுவுக்கு 17 மாதம் முன்னதாக!

சரி, ஆலையை மூடப் பணம் கிடைத்தது. ஏற்கெனவே ஓடிக் கொண்டிருந்த கார்கள்? அவற்றின் கேஸ் மெக்கானிக்கின் கையில் இருந்தது. அதனால்தான் 2004 வாக்கில் தொடங்கிய தேசியத் திட்டம் கார் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி கொடுத்தது: கேஸைத் திறந்து விடாதே, சிலிண்டரில் பிடி, ஓட்டையை அடை, பிறகு நிரப்பு.

புதிய கேஸ் ஆர்-134ஏ. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. அதனாலேயே பழைய விளக்கும் பச்சை காட்டாது! பழைய காரில் இதை அப்படியே அடைக்கவும் முடியாது. பழைய மினரல் ஆயிலை வெளியேற்றி, வேறு ஆயில் ஊற்றி, ட்ரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். இந்தச் செலவுக்குப் பயந்து எரியும் வாயுவை நிரப்புவது உயிருக்கே ஆபத்து.

ஆனால் புதிய கேஸும் முழு யோக்கியன் இல்லை. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 1,430 மடங்கு. கணக்குப் போடுங்கள்: அரை கிலோ ஒழுகினால் சுமார் 700 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். அதையும் குறைக்க 2016-ல் கிகாலி திருத்தம் வந்தது. இந்தியா 2021-ல் அதை ஏற்றது.

எனவே கத்திரி வெயில் தொடங்கும் முன் பழைய காருக்குச் செய்ய வேண்டியவை சில. கண்டென்சரில் அடைந்த தூசியைத் தகடு வளையாதபடி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நாற்றம் வந்தால் கூலிங் காயிலையும் தண்ணீர் வடியும் குழாயையும் சுத்தம் செய்ய வேண்டும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டினால் ஆயில் சுற்றி வந்து சீல்கள் காயாமல் இருக்கும். முக்கியமாக, வருடா வருடம் "கேஸ் அடிக்க" நேர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் தானாகத் தீர்ந்து போகும் பெட்ரோல் இல்லை.

உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக் கொண்ட ஒப்பந்தம் இது. ஓசோன் படலமும் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் அமைச்சர்களாக இருக்கலாம். அதைக் காப்பாற்றியதில் சிலிண்டரைச் சரியாக மூடிய மெக்கானிக்குகளுக்கும் பங்கு உண்டு!