வேளாங்கண்ணி: திருத்தலத்தின் ஈர்ப்பும் ஊராரின் வாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

காவிரிப் படுகையின் கடைமடையில் அமைந்த வேளாங்கண்ணி, திருப்பயணிகளால் வளர்ந்த ஊர். பயணியரை ஈர்த்த தலமே குடியினருக்கும் வணிகருக்கும் வாழ்வளித்தது. எனினும் அவ்வருவாய், உழவும் மீன்பிடியும் ஓயும் காலத்தை ஈடுசெய்யும் வரையிலேயே ஊருக்கு உறுதி தருகிறது. அதுவே முழு வாழ்வாதாரமாகும்போது ஊர் வலுவிழக்கிறது. இதனை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வேளாங்கண்ணி, திருப்பயணம், கடைமடை, ஆழிப்பேரலை, பேரூராட்சி.

முன்னுரை

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், வெள்ளையாறு கடலில் கலக்கும் பகுதியை ஒட்டி வேளாங்கண்ணி அமைந்துள்ளது. 1991 வரை இது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. நாகப்பட்டினத்தைப் போல் பெருந்துறைமுகமோ, தஞ்சையைப் போல் அரசிருக்கையோ இல்லாத இக்கடற்கரைச் சிற்றூர் நாடறிந்த தலமானதும், அதனால் ஊரார் பெற்ற பயனும் இங்கு ஆராயப்படுகின்றன.

தலத்தின் வளர்ச்சி

வாய்மொழி மரபு மூன்று நிகழ்வுகளைக் கூறுகிறது. பால் கொண்டு சென்ற சிறுவனுக்கு அன்னை காட்சியளித்தது முதலாவது. நடுத்திட்டில் மோர் விற்ற, நடக்க இயலாத சிறுவன் நலம் பெற்றது இரண்டாவது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரைசேர்ந்தது மூன்றாவது. மூன்றிலும் அருள் பெறுவோர் உழைக்கும் எளியோரே. உள்நாட்டு வாழ்வும் கடல்வழி வாணிகமும் சந்திக்கும் இடமாக மரபு இவ்வூரைக் காட்டுகிறது. 1658இல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் வசமான பின்னரும் வழிபாடு நிலைத்தது. ஆகவே, தலத்தின் நிலைபேற்றை அயலார் ஆட்சியின் ஆதரவால் மட்டும் விளக்க இயலாது. காவியுடை, நடைப்பயணம், முடிகாணிக்கை ஆகியவை பிற சமயத்தாருக்கும் பழகிய வழிபாட்டு முறைகளாதலின் அவர்களும் இங்குத் திரண்டனர். 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் இவ்வாலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார். 2010இல் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை வந்தது.

மூன்று நாட்காட்டிகள்

இவ்வூரின் பொருளியலை மூன்று நாட்காட்டிகள் இயக்குகின்றன. உழவருக்கு மேட்டூர் அணை திறக்கும் சூன் 12 மரபான தொடக்கநாள். சம்பா அறுவடை தை, மாசியில் நிகழும். விசைப்படகு மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தலத்திற்கோ ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 பெருவிழா வரை உச்சக்காலம். கோடை விடுமுறையிலும் மக்கள் வருகை மிகும்.

இவற்றை ஒப்பிடின், சம்பா விதைப்பு நடந்து அறுவடை தொலைவில் உள்ள காலத்தில் பெருவிழா வருவதும், படகுகள் கரையில் நிற்கும் காலத்தில் கோடைப் பயணியர் வருவதும் புலனாகும். விடுதி வேலை, உணவுக்கடை, மெழுகுவர்த்தி, மாலை விற்பனை ஆகியவை அக்காலங்களில் கைகொடுக்கக்கூடியவை. குடியினரைப் பொறுத்தவரை தலத்தின் ஈர்ப்பு இவ்விடைவெளியில்தான் பொருள்பெறுகிறது.

இடரும் வரம்பும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, கிறிஸ்து பிறப்பு விழாவிற்காகத் திரண்டிருந்த பயணியரையும் கடற்கரைச் சாலையின் கடைகளையும் வாரிச் சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018இல் கஜா புயல் இக்கடற்கரைப் பகுதியைத் தாக்கியது. 2020இல் பெருந்தொற்றால் பெருவிழா பக்தர்களின்றி நடைபெற்றது. ஆலயம் நிலைத்திருந்தாலும் பயணியர் வராதபோது அவர்களை மட்டுமே நம்பிய கடைக்கு வருவாய் இல்லை.

2015இல் நடுவண் அரசின் ஹிருதய் திட்டத்திற்குத் தெரிவான 12 ஊர்களில் வாரணாசி, அமிர்தசரஸ் ஆகிய மாநகரங்களுடன் பேரூராட்சியான வேளாங்கண்ணியும் இடம்பெற்றது. இப்பட்டியலே சிக்கலையும் உணர்த்துகிறது. சிறு எண்ணிக்கையிலான குடியினருக்குரிய உள்ளாட்சி, விழாநாட்களில் இலட்சக்கணக்கானோருக்குக் குடிநீரும் துப்புரவும் வழங்க வேண்டியுள்ளது. 2020இன் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்ற தொழில்களைப் படுகையில் தடைசெய்கிறது. எனவே, வணிகம் வேளாண்மையையும் கடலையும் தலத்தையும் சார்ந்தே வளர வேண்டும்.

முடிவுரை

வேளாங்கண்ணியின் ஈர்ப்பை வருவோர் தொகையால் மட்டும் அளப்பது போதாது. பயணியர் வராத மாதங்களில் குடியினர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே தக்க அளவுகோல். வயலும் படகும் நிலைத்திருக்கும் வரையில் தல வருவாய் ஊருக்குத் துணையாகும்; அவை அழியின், ஒரு விழா தடைப்பட்டாலும் ஊர் தளரும். வளர்ச்சித் திட்டங்கள் பயணியர் வசதியோடு கடைமடைப் பாசனத்தையும் மீனவர் கரையையும் ஒருசேரக் கருதுதல் இன்றியமையாதது.