பின்வரிசைத் தலைவர்

ஆர்ட் பிளேக்கி என்றதும் ஜாஸ் ரசிகர்கள் அடுத்தபடியாகச் சொல்வது அவர் வளர்த்துவிட்ட இளைஞர்களின் பெயர்களைத்தான். லீ மார்கன், வேய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்ட், கீத் ஜாரெட், விண்டன் மார்சாலிஸ் எல்லோரும் அவருடைய ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ குழுவில் வாசித்துவிட்டுப் போனவர்கள். இதைப் பெரும்பாலும் ஒரு வள்ளலின் கதையாகவே சொல்கிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. இளையவர்களைத் தட்டிக்கொடுக்கும் குணம் வேறு பல தலைவர்களுக்கும் இருந்தது. அவர்களுடைய குழுக்களெல்லாம் பள்ளிக்கூடங்கள் ஆகிவிடவில்லை. பிளேக்கியின் குழு அப்படி ஆனதற்கு அதன் பிழைப்பு முறையே காரணம் என்பேன். அது ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்த சிறு குழு. அதன் தலைவரோ மெட்டு எழுதாத டிரம்மர்.

பிளேக்கி 1919இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். முதலில் பியானோ வாசித்தார். விடுதி முதலாளி துப்பாக்கியைக் காட்டி, பியானோவை எர்ரல் கார்னருக்கு விட்டுவிட்டு டிரம்ஸில் போய் உட்காரச் சொன்னதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கதை சொல்வதில் மனிதர் மகா கெட்டிக்காரர். ஆகவே துப்பாக்கியைத் தள்ளிவிட்டு, வாத்தியம் மாறியதை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் பெரிய பேண்டோடு தென்மாநிலங்களில் பயணம் போனபோது ஜார்ஜியாவில் போலீஸ்காரர்களிடம் அடிபட்டு, தலையில் உலோகத் தகடு வைக்க நேர்ந்தது. கறுப்பினக் கலைஞர்களுக்கு அன்றைய ‘டூர்’ அப்படித்தான் இருந்தது. 1944 முதல் 1947 வரை பில்லி எக்ஸ்டைனின் பேண்டில் இருந்தார். டிஸி கில்லெஸ்பியும் சார்லி பார்க்கரும் வாசித்த அந்த பேண்டே கடைசியில் கலைந்தது. ரசனை மாறியது மட்டும் இதற்குக் காரணமல்ல. 1944இல் ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகள் மீது அமெரிக்க அரசு 30 விழுக்காடு வரி போட்டது. அதே ஆண்டு அது 20 ஆகக் குறைந்தாலும், பதினாறு பதினேழு பேருக்குச் சம்பளமும் வண்டிச் செலவும் கொடுக்கப் பல முதலாளிகளால் முடியவில்லை. போர் முடிந்த பின் பிழைத்தவை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள்.

சிறு குழுவில் ஒருவர் விலகினாலும் ஓட்டை பெரிதாகத் தெரியும். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கின் பேர்ட்லேண்டில் கிளிஃபர்ட் பிரவுன், ஹோரஸ் சில்வர் ஆகியோருடன் பிளேக்கி வாசித்தது ஒலிப்பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதன் பிறகு பிரவுன் அவரை விட்டுப் போய்விட்டார். சில்வரோடு கூட்டாக நடத்திய மெசஞ்சர்ஸ் 1956இல் பிரிந்தது. பெயர் மட்டும் பிளேக்கியிடம் தங்கியது. பெயர் இருந்தாலும் புதுப் பாட்டு வேண்டுமே? டிரம்ஸை மையமாக வைத்த சில உருப்படிகள் தவிர, அவர் எழுதுகிறவர் அல்ல. 1958இல் வந்த பென்னி கோல்சன் தன் ஊரான பிலடெல்பியாவிலிருந்து லீ மார்கனையும் பாபி டிம்மன்ஸையும் ஜிமி மெரிட்டையும் சேர்க்கச் சொன்னார். அந்த அக்டோபரில் பதிவான ‘மோனின்’ இசைத்தட்டில் ஆறு உருப்படிகள்: தலைப்புப் பாட்டு டிம்மன்ஸுடையது, நான்கு கோல்சனுடையவை, மிச்சம் ஒன்று பழைய பாட்டு. தலைவர் எழுதியது ஒன்றுகூட இல்லை. அப்போது மார்கனுக்கு வயது 20, டிம்மன்ஸுக்கு 22. எலிங்டனைப் போல எழுதிக்கொண்டே இருக்கும் ஒருவர் தலைமையில் இந்த வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்காது. கோல்சனுக்குப் பின் அந்தப் பொறுப்பு ஷார்ட்டரிடம் போனது. பின்னாளில் பாபி வாட்சனிடமும் வந்தது.

எழுதாதவர் எப்படித் தலைமை தாங்கினார் என்று கேட்கலாம். பின்னாலிருந்து நடத்தினார். ஹை-ஹாட்டை இரண்டாவது, நான்காவது அடிகளில் அழுத்தி மூடும் அவருடைய கால் சற்றும் பிசகாது. தனி வாசிப்பவர் ஒரு சுற்றை முடிக்கப்போகும்போது ஸ்நேரில் சிறிதாகத் தொடங்கி இடியாகப் பெருகும் உருட்டல் ஒன்று வரும். அடுத்த சுற்றுக்குள் தைரியமாக இறங்கு என்பதே அதன் பொருள். கதை ஏதும் சொல்லாமல் வாசிக்கும் பையனை அந்த உருட்டலே அம்பலப்படுத்தியும் விடும். இரவுக்கு இரவு, வேறு வேறு ஊர்களில், காசு கொடுத்து வந்தவர்கள் முன்னால் இது நடந்தது. எந்தக் கல்லூரி வகுப்பிலும் கிடைக்காத பரீட்சை இது.

இதை மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இளையவர்களுக்குச் சம்பளம் குறைவு, அதனால்தான் சேர்த்தார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கூலி குறைப்பதே நோக்கமென்றால், அவர்களிடம் இசைப் பொறுப்பைக் கொடுத்து, அவர்களுடைய பாட்டுகளையே மேடையிலும் தட்டிலும் முன்வைத்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. பிளேக்கிக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. குழுவில் இருந்த காலத்திலேயே மார்கனும் அதில் சிக்கினார். அவரும் டிம்மன்ஸும் 1961இல் விலகினார்கள். இந்தப் பள்ளியில் கற்றதெல்லாம் நல்லதல்ல என்பதை மறைக்க முடியாது. வள்ளல் கதை எனக்குப் போதாமல் இருப்பதற்கு இதுவும் காரணம்: தலைவரின் நற்குணத்தை மட்டும் நம்பி நின்ற குழுவாக இருந்தால் அந்த ஆண்டே சிதறியிருக்கும். ஹப்பர்ட், சீடர் வால்டன், டிராம்போனில் கர்டிஸ் ஃபுல்லர் என ஆள் மாறி, ஐந்து பேர் ஆறானார்கள்; ஷார்ட்டர் எழுதித் தள்ளினார். 1961 ஜனவரியில் போன ஜப்பான் பயணமும் புதிய சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. 1963இல் பேர்ட்லேண்டில் பதிவான இசைத்தட்டுக்கு ‘உகெட்சு’ என்று ஜப்பானியப் பெயர் வைத்ததும், அதில் ‘ஆன் தி கின்ஸா’ என்று ஷார்ட்டர் ஒரு பாட்டு எழுதியதும் அந்நாட்டு ரசிகர்களுக்குச் சொன்ன நன்றியின் அடையாளங்கள்.

1970களில் ராக்கும் மின்கருவிகளும் அமெரிக்க மேடைகளைப் பிடித்துக்கொண்டபோது இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பயணங்களே குழுவுக்குச் சோறு போட்டன. பழைய மாணவர்களில் சிலர் மின்கருவிகளின் பக்கம் போனார்கள், பிளேக்கி போகவில்லை. பிடிவாதம் என்று அன்று தோன்றியது, 1980இல் 18 வயது விண்டன் மார்சாலிஸ் வந்து சேர்ந்தபோது மூலதனமாகத் தெரிந்தது. இரண்டே ஆண்டுகளில் மார்சாலிஸ் வெளியேறினார். அந்த இடத்துக்கு டெரன்ஸ் பிளான்சர்ட் வந்தார். 1990 அக்டோபரில், 71 வயது முடிந்த சில நாட்களில் பிளேக்கி இறந்தார். ட்ரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் மாற்று ஆள் தேடப் பழகியிருந்த அந்தக் குழு, டிரம்ஸுக்கு மாற்று தேடியதே இல்லை. மெசஞ்சர்ஸ் அத்தோடு நின்றது.