வென்றவன் பக்கமே கடவுளா?

2025 ஒக்டோபர் 30ஆம் திகதி நவி மும்பையில் நடைபெற்ற மகளிர் உலகக் கிண்ண அரையிறுதியில், அவுஸ்திரேலியா நிர்ணயித்த 339 ஓட்ட இலக்கை இந்தியா எட்டியது. ஆட்டமிழக்காது 127 ஓட்டங்களைப் பெற்ற ஜெமிமா ரொட்ரிகஸ், தனித்து இதைச் செய்திருக்க முடியாது என்று கூறிக் கண்ணீருடன் இயேசுவுக்கு நன்றி தெரிவித்தார். அதைப் போற்றியவர்களும் உண்டு, ஏசியவர்களும் உண்டு.

தளர்ந்த வேளையில் தாங்கியவருக்கு நன்றி சொல்வது பக்தி. அதில் பிழை காண எனக்கு மனமில்லை. ஆனால் வென்றவரே கடவுளுக்கு உகந்தவர் என்று முடிவு கட்டுவது வேறு. அது பக்தியன்று, தீர்ப்பு. அமெரிக்காவில் 2013இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், விளையாட்டில் வெல்லும் அணியைத் தீர்மானிப்பதில் கடவுளுக்குப் பங்குண்டு என்று 27 சதவீதத்தினர் கூறியிருந்தனர். இந்த எண்ணம் நமது மலையகத்துக்கும் அந்நியமானதன்று.

உடல் வலிமையும் ஒழுக்கமும் இறைபக்தியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாடசாலைகளில் வேரூன்றியது. மிஷனரிமாரும் தோட்டத் துரைமாரும் அதனை இலங்கைக்குக் கொண்டுவந்தனர். நுவரெலியாவில் 1852இல் ஆங்கிலிக்கன் தேவாலயம் எழுந்தது. 1889இல் கோல்ஃப் கழகம் தோன்றியது. தொழிலாளருக்கு வேதம் சொல்ல 1854இலேயே ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டிருந்தது. வேதம் லயத்துக்கு வந்தது. மைதானம் துரையிடமே இருந்தது. கழகத்தின் வாசலைத் தொழிலாளி தாண்டியதெல்லாம் ஏவலாளாகவே.

தோட்டம் செழித்தால் அது கடவுளின் ஆசி என்று நம்புவது துரைக்கு எளிது. ஆனால் 1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரே அழிந்தது. தேவாலயத்துக்குத் தவறாது சென்ற துரைமாரும் கடனாளியாயினர். ஆசி எங்கே போயிற்று?

மிஷன் பாடசாலைகளின் வரலாற்றில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. யாழ்ப்பாணத்தில் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் மோதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ இரண்டு மிஷன் பாடசாலைகளுக்கு இடையில் மூண்ட போட்டி. ஒரே வேதத்தை வாசித்து ஒரே ஆண்டவரைத் தொழுத இரு தரப்பில் அவர் யாருக்காகப் பந்து வீசியிருப்பார்?

1948 ஜூலையில் லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வெள்ளிப் பதக்கம் கடவுளின் கொடை என்றால், அந்தச் சட்டம் யாருடைய கொடை? வெற்றியை அருளின் அடையாளமாகக் கொள்பவர், தோல்வியைக் கைவிடப்பட்டதன் அடையாளமாகவும் கொள்ள நேரும். நமது மக்களின் வரலாற்றின் மீது அந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். அதன் கொடூரம் புரியும்.

அந்த அளவுகோல் ஓடுபாதையிலும் நிலைப்பதில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்கவுக்கு வெண்கலமே கிடைத்தது. முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007இல் ஒப்புக்கொண்டார். 2009இல் அந்த வெண்கலம் வெள்ளியாயிற்று. கடவுளின் தீர்ப்பை ஒலிம்பிக் குழு திருத்தியது என்றா சொல்வது?

வேதாகமமும் இந்தக் கோட்பாட்டுக்குத் துணை நிற்பதில்லை. துன்புறுகிறவன் பாவம் செய்தவனாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்ட யோபுவின் நண்பர்களைக் கடவுளே கண்டிக்கிறார். பவுலடியார் விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டார். மற்ற ஓட்டக்காரரைக் கடவுள் இடறச் செய்வார் என்று அவர் எங்கும் எழுதவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீற்றர் ஓட்டத்தைத் தவிர்த்த எரிக் லிடெல் 400 மீற்றரில் தங்கம் வென்றார். அதன்பின் சீனாவில் மிஷனரியாகப் பணியாற்றியவர், 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் இறந்தார். பாரிஸில் இருந்த அருள் முகாமில் இல்லாமற் போயிற்று என்று எந்த விசுவாசி சொல்வார்?

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்தவர். முரளியோ இந்து, பயின்றது கண்டியின் கத்தோலிக்கப் பாடசாலையான புனித அந்தோனியார் கல்லூரியில். வேகப் பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அங்கிருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளுக்குப் பின்னால் அபூர்வத் திறமையும் உழைப்பும் இருந்தன. கூடவே ஒரு பாடசாலையும் ஒரு மைதானமும் ஓர் ஆசானும் இருந்தனர். லயத்துப் பிள்ளைக்கு இவை கிட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் உள்ள பட்டிப்பொல, இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம். அதைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில் தேயிலைக்கும் மரக்கறிக்கும் சமநிலம் கிடைப்பதே அரிது. விளையாட்டுக்கு எங்கிருந்து கிடைக்கும்? மலையகத் தோட்டங்களில் திருநீறு பூசிய பையனும் சிலுவை அடையாளம் இட்ட பையனும் ஒரே அணியில், கிழிந்த சப்பாத்துடன் ஆடுவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் தோற்றால் அது கடவுளின் சித்தம் என்று சொல்லிவிடுவது மிக எளிது. மைதானம் அமைக்க வேண்டியவரும், பயிற்றுநரை அனுப்ப வேண்டியவரும் அந்த ஒரு சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

வென்றவர் நன்றி சொல்லட்டும். அது அவர் உரிமை. தோற்ற பிள்ளையின் செபத்தையும் கேட்கிறவரே கடவுள். அந்தப் பிள்ளைக்கு ஒரு மைதானம் தருவது நம் கடமை.